பெப்ரவரி ஒம்பதா, மே பதினெட்டா

சதீஸ்: என் பேரு சதீஸ். வயசு முப்பது. சொந்த இடம் யட்டியாந்தோட்டைக்கு மேல, றப்பர் தோட்டம், வரிசையா ஒட்டுன வீடுங்க இருக்கிற ரெண்டாம் நம்பர் லயம். இப்ப இருக்கிறது அமெரிக்காவுல, ஒஹாயோவுல. ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர் ட்ரெய்னிங் செஞ்சுக்கிட்டு...

சுமித்ரா: ஏங்க, யாருக்கு இது? மாமிக்கு உங்க பேரு தெரியாதா?

சதீஸ்: இரு சுமி. நான் பேசுறத ஃபோன் எழுதிக்கிட்டு இருக்கு. இத அம்மா மட்டுமா பாக்கப் போறாங்க? டவுனுல றிஸ்மி நானா கடையில பிரிண்ட் எடுக்கணும். பொறகு ஸஹாப்தீன் ஹாஜியார் வாசிக்கணும். சமாதான நீதவான், ஜேபி சீல் வைக்கிற மனுசன், யாரு எவருன்னு தெரியாம வைப்பாரா?

சுமித்ரா: ஹாஜியார் கடையில தானே உங்களுக்கு மொத சப்பாத்து வாங்குனாங்க. அவருக்கு உங்க கால் சைஸே தெரியும்.

சதீஸ்: நீ பேசுறதையும் அடிக்குது பாரு. மொத சப்பாத்து, கால் சைஸ்...

சுமித்ரா: சரியாத்தானே அடிச்சிருக்கு.

சதீஸ்: கொஞ்சம் சும்மா இரு. ம்... விஷயம் என்னன்னா, என் மனைவி சுமித்ரா ஆகஸ்ட் மாசம் பதினேழாந் தேதி இங்க வந்தாங்க...

சுமித்ரா: வந்தாங்க. எழுத்துல மட்டும் என்ன மரியாதை.

சதீஸ்: வந்து முப்பது நாளைக்குள்ள ஆஸ்பத்திரி இன்சூரன்ஸுல அவங்க பேர சேக்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஃபைல மூடிருவாங்க. விட்டா அடுத்த ஜூலை வரைக்கும் நிக்கணும்.

சுமித்ரா: நான் நிப்பேன். உள்ள இருக்கிறவரு நிப்பாரா?

சதீஸ்: சுமி... மைக்.

சுமித்ரா: அப்ப அழிங்க.

சதீஸ்: எப்பிடி அழிக்கிறது... அழி. அழி... இது அழி அழின்னு அடிக்குது.

சுமித்ரா: நெஞ்ச அறுத்து வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரியில வேல, ஒரு வரிய அழிக்கத் தெரியல.

சதீஸ்: சிரிக்காத. இன்சூரன்ஸ் இல்லாம இங்க ஒரு புள்ள பொறந்தா என்ன ஆகும்னு நான் வார்டுல பாக்குறேன். நேத்து ஒரு தகப்பன் புள்ளைய கையில வாங்க முந்தி பில்லத்தான் வாங்குனான்.

சுமித்ரா: எல்லாம் நீங்க மார்ச்ல பண்ணுன வேல தானே.

சதீஸ்: நான் என்ன பண்ணுனேன்? கல்யாணம் ஆச்சா இல்லியான்னு ஆஸ்பத்திரி ஃபோர்ம்ல கேட்டாங்க. இல்லன்னு போட்டேன்.

சுமித்ரா: அப்ப பெப்ரவரி ஒம்பதுல ரெஜிஸ்ட்ரார் நோனா முன்னுக்கு எனக்குப் பக்கத்துல ஒக்காந்து கையெழுத்து வச்சது யாரு?

சதீஸ்: அது எழுத்து தானே. விசாவுக்கு லேசா இருக்கும்னு முன்னுக்கே எழுதி வச்சோம். எழுதி முடிச்சிட்டு நீ நிவித்திகலைக்கு பஸ் ஏறுன, நான் யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறுனேன். தாலி கட்டாம கல்யாணம் ஆச்சுன்னு நம்ம பக்கத்துல எவனாவது எழுதுவானா? மே பதினெட்டுல தானே கோயில்ல கட்டுனேன்.

சுமித்ரா: அத இந்த இன்சூரன்ஸ் நோனாகிட்ட சொன்னீங்களா?

சதீஸ்: சொன்னேன். நல்ல மனுசி, பொறுமையாத்தான் கேட்டாங்க. சேர்டிபிகேட்ல பெப்ரவரின்னு இருக்கு, மார்ச் ஃபோர்ம்ல கல்யாணமே இல்லன்னு இருக்கு, ஆகஸ்ட் ஃபோர்ம்ல மே பதினெட்டுன்னு இருக்கு. மூணையும் மேசையில வரிசையா வச்சிட்டு, நடுவுல டிவோர்ஸ் எதுவும் ஆச்சான்னு கேட்டாங்க.

சுமித்ரா: டிவோர்ஸா?

சதீஸ்: ஒரே பொம்பளைய ரெண்டு தரம் கட்டியிருக்கேனே, அதான். பொறகு சொன்னாங்க, சேர்டிபிகேட்ல சாட்சி வச்ச ஆள் ஒருத்தர்கிட்ட இருந்து சீல் வச்ச கடிதம் கொண்டு வா, எந்தத் தேதியில இருந்து இவங்க ஒரு குடும்பம்னு அதுல இருக்கணும்னு.

சுமித்ரா: சாட்சி ரெண்டு பேரு. என் மாமன் கட்டார்ல. அப்ப மாமி மட்டும் தான்.

சதீஸ்: அதான் நேத்தே ஒரு கடிதம் எழுதி றிஸ்மி நானாவுக்கு அனுப்புனேன், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கன்னு. ரெண்டு நீலக் கோடு விழுந்திச்சு. அதுக்குப் பொறகு சத்தம் இல்ல, அதான் இப்ப வெளக்கமா இன்னொண்ணு.

சுமித்ரா: அதுல என்ன எழுதுனீங்க?

சதீஸ்: பெப்ரவரியில எழுத்து மட்டும் தான். மே பதினெட்டு வரைக்கும் ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுல பெத்தவங்க பாதுகாப்புல இருந்தாங்க... ஏன் சிரிக்கிற?

சுமித்ரா: பாதுகாப்பு. சித்திரை வருசப் பொறப்புக்கு நுவரெலியாவுல நமக்கு யாரு பாதுகாப்பு குடுத்தாங்க?

சதீஸ்: மெதுவா பேசு.

சுமித்ரா: இங்க யாருக்குங்க தமிழ் வெளங்கும்?

சதீஸ்: ஃபோனுக்கு வெளங்குதே.

சுமித்ரா: நம்ம எழுதியாச்சு. சட்டப்படி புருசன் பொண்டாட்டி. இந்த நோனாவுக்கு அது பத்தாதா?

சதீஸ்: நோனாவுக்குப் பத்தும். லயத்துக்குப் பத்தாது. சனவரி ஆறுன்னு டாக்டர் தேதி குடுத்திருக்காங்க. மே பதினெட்டுல இருந்து எண்ணினா ஏழரை மாசம். தண்ணி புடிக்கப் பீலியில நிக்கிறவங்க வெரல மடக்கி எண்ண ஆரம்பிச்சா அம்மா எங்க போயி நிப்பாங்க?

சுமித்ரா: அதுக்குத்தான் ஒரு மாசமா கேமராவ கெடுத்து வச்சிருக்கோமே.

சதீஸ்: ஒக்டோபர்ல நாலு மாசம்னு சொல்லுவோம். சனவரியில பொறந்தவுடனே ஏழு மாசம்னு சொல்லுவோம். கேட்டா பரம்பரைன்னு சொல்லுவோம். நான் ஏழு மாசத்துப் புள்ள, என் புள்ளையும் ஏழு மாசத்துப் புள்ள.

சுமித்ரா: ஒரு டாக்டர் பேசுற பேச்சா இது?

சதீஸ்: லயத்துக்கு அது போதும்.

சுமித்ரா: போதும் போதும். உங்கள பஞ்சுல சுத்தி வச்சிருந்த கதைய மாமி எனக்கு நூறு தரம் சொல்லியிருக்காங்க. மழையில விடலியாம். வெறகு தூக்க விடலியாம். வாத்தியார்கிட்ட போயி, ஏழு மாசத்துப் புள்ள, கைய வச்சிராதீங்கன்னு சொன்னாங்களாம். இப்பவும் கடையில இருந்து அரிசி மூட்டைய தூக்கச் சொன்னா அதத்தானே சொல்றீங்க.

சதீஸ்: அந்த ஏழு மாசம் தான் என்னைய இங்க கொண்டு வந்திச்சு, தெரியுமா? அப்ளிகேஷன்ல மொத வரியே அது தான். றப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில ஏழு மாசத்துல பொறந்து பொழச்சவன், அதான் டாக்டர் ஆகணும்னு ஆசப்பட்டேன்னு. இண்டர்வியூவுல மூணு பேரும் அதையே தான் கேட்டாங்க. ஒரு அம்மா கண்ணத் தொடச்சாங்க.

சுமித்ரா: சரி, இத சொல்லுங்க. மாமி என் சூட்கேஸுல சாரிக்கு நடுவுல துணியில முடிஞ்சு வசம்பு வச்சிருந்தாங்களே, அது எதுக்கு?

சதீஸ்: வயித்து வலிக்கு.

சுமித்ரா: பெரியவங்க வயித்துக்கா? எங்க வீட்டுல கைக்கொழந்தைக்குத்தான் சுட்டு ஒரசி குடுப்பாங்க.

சதீஸ்: இப்ப அதுவா முக்கியம்... அந்தா, உன் ஃபோன்ல அம்மா. கேமராவ மூடு. ஸ்பீக்கர்ல போடு.

ஜீவராணி: ஹலோ... தம்பி... கேக்குதா? நான் டவுனுல நிக்கிறேன். றிஸ்மி கடைக்கு எதிர்ல, பஸ் ஹோல்ட்ல.

சதீஸ்: கேக்குதும்மா. சாப்பிட்டீங்களா?

ஜீவராணி: றப்பர் பால் வெட்டிட்டு வந்து சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன். அப்பாவும் வந்திருக்காரு. சுமி எங்க?

சுமித்ரா: இருக்கேன் மாமி.

ஜீவராணி: மொகத்த காணோமே. அந்த கேமரா இன்னும் சரியாகலியா? அங்க கேமரா திருத்துற பாஸ் ஒருத்தரும் இல்லியா?

சதீஸ்: பாக்கணும்மா.

ஜீவராணி: ஒரு மாசமா பாக்குறீங்க. ஹரி ஹரி, சரி, பாருங்க.

சதீஸ்: அம்மா, நேத்து அனுப்புன கடிதம்...

ஜீவராணி: இரு. மொதல்ல இந்த இன்சூரன்ஸ் என்னன்னு எனக்குச் சொல்லு. வெளங்காம நான் கையெழுத்து வைக்கிறதில்ல.

சதீஸ்: நம்ம டிஸ்பென்சரி மாதிரின்னு வச்சுக்கங்க. தோட்டத்துல பேரு பதிஞ்சிருந்தா போயி மருந்து எடுக்கலாம் தானே. இங்கயும் என் பேர பதிஞ்சிருக்கு. குடும்பத்தையும் பதியணும்.

ஜீவராணி: அவ்வளவு தானா? அப்ப என் பேரையும் அப்பா பேரையும் போட்டுரு. அவருக்கு மொழங்கால் வலி.

சதீஸ்: பெத்தவங்கள போட ஏலாதும்மா. பொண்டாட்டியும் புள்ளைங்களும் தான் குடும்பம்.

ஜீவராணி: அப்ப நாங்க யாரு, அடுத்த லயமா?

சுமித்ரா: நானும் அதத்தான் கேட்டேன் மாமி.

ஜீவராணி: கேட்டியா. நல்ல புள்ள. பல்லு வலிக்கும் பாப்பாங்களா?

சதீஸ்: பல்லுக்கு வேற இன்சூரன்ஸ்மா. கண்ணுக்கும் வேற.

ஜீவராணி: ஒரு மனுசன எத்தன துண்டா வெட்டுறாங்கடா. நம்ம டிஸ்பென்சரி ஐயா ஒரு வெள்ள மாத்திரையில தலையில இருந்து கால் வரைக்கும் பாத்துருவாரே.

சதீஸ்: அம்மா, ஹாஜியார் கடைய பூட்டிருவாரு. கையெழுத்து வச்சாச்சா?

ஜீவராணி: வைக்கல.

சதீஸ்: ஏம்மா?

ஜீவராணி: றிஸ்மி ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினாரு. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் வைக்க மாட்டேன்.

சதீஸ்: அம்மா, வெளையாடாதீங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள...

ஜீவராணி: வெளையாடல. சீல் வைக்க முந்தி ஹாஜியார் மொகத்த பாத்துக் கேப்பாரு, இதுல உள்ளதெல்லாம் உண்மையான்னு. அஞ்சு நேரம் தொழுவுற மனுசன். அவரு முன்னுக்கு நான் எப்பிடித் தலைய ஆட்டுறது? இதுல ஒரு வரி பொய்.

சதீஸ்: எந்த வரி?

ஜீவராணி: எழுதுனவனுக்குத் தெரியும். சரி, அத விடு. இன்சூரன்ஸ் இல்லாட்டி என்ன ஆகும்? சுமி சுகமாத்தானே இருக்கா?

சதீஸ்: சுகம் தான்...

ஜீவராணி: சுகமா இருக்கிறவளுக்கு இவ்வளவு அவசரமா டாக்டர் எதுக்கு? காய்ச்சல் தடிமல்னா வீட்டுக்குள்ளயே ஒரு டாக்டர் இருக்கானே.

சதீஸ்: அது... நான் ட்ரெய்னிங் தானேம்மா...

சுமித்ரா: ஏங்க, போதும். நானே சொல்லிர்றேன்.

சதீஸ்: சுமி...

சுமித்ரா: மாமி, சனவரியில நம்ம வீட்டுல ஒரு ஆள் கூடப் போறாங்க.

ஜீவராணி: எத்தனாந் தேதி?

சுமித்ரா: ஆறு... மாமி.

ஜீவராணி: நான் அஞ்சுன்னு பாத்தேன்.

சதீஸ்: அம்மா?

ஜீவராணி: என்னடா அம்மா. வருசப் பொறப்புக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில ட்யூட்டின்னு சொன்ன. மூணு நாள் கழிச்சு ஸ்ட்ரோபெரி ஜேம் போத்தலோட வந்த. நானும் யாரோ நோயாளி குடுத்ததுன்னு நெனச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தம்மா என்னைய பாக்க வந்தா. பையில அதே ஜேம், அதே நுவரெலியா லேபல். எங்கம்மா போனன்னு கேட்டா, கூட்டாளி ஷிப்னா வீட்டுக்கு கொடகவெலைக்குப் போனேன் மாமிங்குறா. கொடகவெலையில எப்ப இருந்துடா ஸ்ட்ரோபெரி காய்க்குது?

சுமித்ரா: நான் அப்பவே சொன்னேன், வேற வேற சாமான் வாங்குவோம்னு.

சதீஸ்: ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு போட்டிருந்தாங்க...

ஜீவராணி: பொறகு ஏர்போர்ட்டுல சுமிய கட்டிப் புடிச்சேன் பாரு. எனக்கும் அவளுக்கும் நடுவுல இன்னொரு ஆள் நின்னாரு. அதான் அன்னைக்குக் காலையிலயே நான் வசம்ப முடிஞ்சு வச்சது சரின்னு நெனச்சேன்.

சுமித்ரா: அன்னைக்கு ஒரு வார்த்த கேக்கலியே மாமி.

ஜீவராணி: கேட்டிருந்தா நீ பயந்து பிளேன்ல ஏறியிருப்பியா? நீங்களா சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க கேமராவ கெடுத்துப் போட்டு ஒக்காந்திருக்கீங்க.

சதீஸ்: மன்னிச்சிருங்கம்மா. லயத்துல பேசுவாங்க, உங்க தலை குனியக் கூடாதுன்னு தான்... இப்ப என்ன செய்ய? அந்த வரிய எடுத்துட்டு வேற எழுதி அனுப்பவா? நேரம் இருக்கா?

ஜீவராணி: நீ ஒண்ணும் எழுத வேணாம். நானே சொல்லச் சொல்ல றிஸ்மி தமிழ்லயும் இங்கிலீஸ்லயும் அடிச்சிட்டாரு. ஹாஜியார் முன்னுக்கு கையெழுத்து வச்சு, சீலும் அடிச்சாச்சு. கையில தான் இருக்கு. வாசிக்கவா?

சதீஸ்: அடிச்சாச்சா? பொறகு ஏம்மா இவ்வளவு நேரம்...

ஜீவராணி: நீங்க சொல்ற வரைக்கும் நானும் கொஞ்சம் சும்மா இருந்து பாத்தேன். கேளு. இலங்கை, யட்டியாந்தோட்டையில இருக்கிற ஜீவராணி ஆகிய நான் சொல்றது. எங்க ஆக்கள் மொதல்ல எழுத்து எழுதுவோம், நாள் பாத்துப் பொறகு கோயில்ல தாலி கட்டுவோம். ரெண்டும் ஒரே கல்யாணம் தான். பெப்ரவரி மாசம் ஒம்பதாந் தேதி நான் சாட்சிக் கையெழுத்து வச்சேன். அன்னையில இருந்து சுமித்ரா எங்க வீட்டு மருமக. தாலி கட்டாம கல்யாணம்னு எழுதக் கூடாதுன்னு நெனச்சு என் மகன் ஃபோர்ம்ல தப்பா போட்டுட்டான். படிச்சவன் தான், ஆனா இந்த விஷயத்துல தோட்டத்துப் புள்ள.

சுமித்ரா: மாமி...

ஜீவராணி: கடைசி வரிய றிஸ்மி இங்கிலீஸ்ல போட மாட்டேன்னாரு. நான் தான் போடச் சொன்னேன்.

சதீஸ்: ஹாஜியார் ஒண்ணும் கேக்கலியா?

ஜீவராணி: வாசிச்சாரு. எங்க ஆக்கள்லயும் நிக்காஹ் ஒரு நாள், பொண்ண கூட்டிட்டுப் போறது இன்னொரு நாள், இதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டு சீல அடிச்சாரு. சல்லியும் வாங்கல. மூணு படம் எடுத்து றிஸ்மி உனக்கு அனுப்பிட்டாரு, பாரு.

சதீஸ்: வந்திருக்கு... தெளிவா இருக்கு. சீல் தெரியுது. சுமி, பாரு, அம்மா கையெழுத்து. ஒம்பது மணிக்கு ஒபிஸ் தொறந்தவுடனே நான் போயிர்றேன்... அம்மா, சுமி அழுவுறா.

சுமித்ரா: அழல மாமி. மூக்கு தான்.

ஜீவராணி: ஆறாம் மாசத்துல அப்பிடித்தான் மூக்கும் ஒழுகும், கண்ணும் ஒழுகும். கேமராவ தொற. வயித்த பாக்கணும்.

சுமித்ரா: தொறந்துட்டேன்... தெரியுதா?

ஜீவராணி: அனே... பாரு... ஏங்க, இங்க வாங்க, மருமகள பாருங்க. இந்த மனுசனுக்கு வெக்கத்த பாரேன்.

சதீஸ்: அம்மா, ஒண்ணு மட்டும். சனவரியில லயத்துல கேட்டா என்ன சொல்றது? நான் யோசிச்சு வச்சிருக்கேன். ஏழு மாசத்துல பொறந்திருச்சு, தகப்பன மாதிரின்னு சொல்லிருவோம்.

ஜீவராணி: அத மட்டும் சொல்லாத.

சதீஸ்: ஏன்? நம்புவாங்கம்மா. என்னைய வச்சு எல்லாருக்கும் தெரியும் தானே.

ஜீவராணி: அதான் சொல்றேன். ஒரே கதைய ரெண்டாந்தரமும் நம்ப மாட்டாங்க.

சதீஸ்: ரெண்டாந்தரமா?

ஜீவராணி: இரு, பஸ் ஒண்ணு வருது... இல்ல, இது நம்ம பஸ் இல்ல.

சதீஸ்: அம்மா, என்ன ரெண்டாந்தரம்?

ஜீவராணி: உங்கப்பா எங்க... அந்தா, வெத்தல வாங்கப் போறாரு. பேச்சு இங்க வருதுன்னு தெரிஞ்சவுடனே மனுசன் நழுவிட்டாரு. எங்களுக்கும் எழுத்து ஒரு நாள், கோயில் ஒரு நாள் தான்டா. நடுவுல நாலு மாசம். நீ டாக்டர் தானே. ஏழு மாசத்துல பொறக்குற புள்ள எத்தன கிலோ இருக்கும்?

சதீஸ்: ஒன்றரை... கூடிப் போனா ஒண்ணே முக்கால்.

ஜீவராணி: உன் கிளினிக் கார்டுல மூணு கிலோ நானூறு கிராம்னு இருக்கு.

சதீஸ்: கார்டு வெள்ளத்துல போச்சுன்னு சொன்னீங்களே.

ஜீவராணி: பெட்டிக்கு அடியில கெடக்கு. அந்தக் கார்ட வச்சுக்கிட்டு ஏழு மாசம்னு யாருக்குச் சொல்ல?

சுமித்ரா: ஏங்க, அப்ளிகேஷன்ல மொத வரி...

சதீஸ்: நீ பேசாத. அம்மா, அப்ப பஞ்சு? பஞ்சுல சுத்தி வச்சிருந்தீங்களே, ஒரு மாசமா வெளிய காட்டலன்னு சொன்னீங்களே?

ஜீவராணி: காட்டுனா உன் சைஸ் தெரிஞ்சிரும்டா. அதுக்குத்தான் பஞ்சு.

சுமித்ரா: ஐயோ மாமி... சிரிச்சு சிரிச்சு உள்ள ஒதைக்கிறாரு.

ஜீவராணி: ஒதைக்கட்டும். பஸ் வந்திருச்சு, வைக்கிறேன். மொதல்ல போயி பேர பதி.

சுமித்ரா: ஏங்க... மேசையில உங்க ஃபோன் இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கு.

சதீஸ்: எல்லாத்தையுமா?

சுமித்ரா: பஞ்சு வரைக்கும். அழிக்கவா?

சதீஸ்: வேணாம், இருக்கட்டும். உள்ள இருக்கிறவரு ஒரு நாளைக்கு வாசிக்கட்டும். கடைசியா ஒரு வரி சேத்துர்றேன், குடு... ம். என் பேரு சதீஸ். வயசு முப்பது. இருக்கிறது ஒஹாயோவுல. பத்து மாசம் நெறஞ்சு பொறந்தவன். இத வாசிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒரு சின்ன உதவி செய்யணும். எங்க தோட்டத்துல யாரும் கேட்டா, நான் ஏழு மாசத்துப் புள்ளன்னே சொல்லுங்க.